செப்டம்பரில் கரைந்த நம்பிக்கையும் 76.5 கோடி டாலரும்

2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, மயாமியில் மார்லின்ஸ் அணியிடம் 4-0 என்ற கணக்கில் தோற்று நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி தன் பருவத்தை முடித்துக்கொண்டது. ஏறத்தாழ அதே நேரத்தில் மில்வாக்கியில் சின்சினாட்டி ரெட்ஸும் தோற்றுக்கொண்டிருந்தது என்பதுதான் மெட்ஸ் ரசிகர்களுக்கு இன்றுவரை ஆறாத வேதனை. எங்களுக்கு அன்று தேவைப்பட்டது ஒரே ஒரு வெற்றி. ரெட்ஸ் தன் பங்குக்குத் தோற்றுக் கதவைத் திறந்து வைத்திருந்தது. நாங்கள் உள்ளே நுழையவில்லை. இரண்டு அணிகளும் 83 வெற்றி, 79 தோல்வி என்று சமமாக நின்றன. தமக்குள் ஆடிய ஆறு ஆட்டங்களில் நான்கை ரெட்ஸ் வென்றிருந்ததால் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றின் கடைசி இடம் அவர்களுக்குப் போயிற்று. முன்பெல்லாம் இத்தகைய சமநிலையைத் தீர்க்க, 162 ஆட்டப் பருவத்துக்கு மேல் 163-ஆவது ஆட்டம் ஒன்று நடக்கும். 2022-இல் பிளேஆஃப் அணிகளின் எண்ணிக்கை 12 ஆக உயர்த்தப்பட்டபோது அந்த வழக்கத்தையும் நீக்கிவிட்டார்கள்.

அன்று மாலையே பேச்சு தொடங்கிவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்து மட்டையாளர் ஹுவான் ஸோட்டோவைக் கொண்டுவந்தார்களே, கடைசியில் என்ன கிடைத்தது என்ற கேள்வியை நண்பர்களும், அலுவலகத்தில் உடன் பணிபுரிபவர்களும், பேஸ்பால் பார்க்காத உறவினர்களும்கூடக் கேட்டார்கள். ஓர் அணி கடைசி வாரங்களில் சரியும்போது அந்த அணியின் மிகப் பெரிய சம்பளத்தின் மீது பழி விழுவது பழைய வழக்கம். அந்த வழக்கம் தவறானது என்பது என் உறுதியான எண்ணம். பெரிய சம்பளம் வாங்கும் நட்சத்திரம் பெரும்பாலும் தான் வாங்கிய காசுக்கு உழைத்துத்தான் இருப்பார். செப்டம்பரில் அணியைக் கவிழ்ப்பது அவருக்குப் பின்னால் நிற்க வேண்டிய, யாரும் பெயர் சொல்லாத ஆட்களின் பற்றாக்குறை. இதைச் சொல்ல மெட்ஸைவிடப் பொருத்தமான அணி எனக்குத் தெரியவில்லை.

பேஸ்பாலைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: மார்ச் இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதி வரை 30 அணிகளும் தலா 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. இரண்டு லீக்குகளிலும் மூன்று டிவிஷன் (பிரிவு) வெற்றியாளர்களும், மற்ற அணிகளுள் சிறந்த மூன்று 'வைல்டு கார்டு' அணிகளும் அக்டோபர் பிளேஆஃபுக்குத் தகுதி பெறுகின்றன. ஏறத்தாழ தினமும் ஆட்டம் உண்டு. அதனால் செப்டம்பரில் ஒரு ரசிகர் தன் அணியின் ஆட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. போட்டியிலிருக்கும் மற்ற இரண்டு மூன்று அணிகளின் ஸ்கோரையும் இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் செப்டம்பரில் சின்சினாட்டியும் அரிசோனாவும் சான் பிரான்சிஸ்கோவும் தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட அளவுக்கு மெட்ஸ் வெல்ல வேண்டும் என்று வேண்டியிருப்பேனா என்பது சந்தேகமே. தன் அணி வெல்லும் என்ற நம்பிக்கை குறையக் குறைய, அடுத்த அணி தோற்கும் என்ற நம்பிக்கையில் மனம் தொங்கிக்கொள்கிறது.

ஜூன் 12 அன்று மெட்ஸ் 45 வெற்றி, 24 தோல்வி. மொத்த மேஜர் லீக்கிலும் அதைவிடச் சிறந்த கணக்கு வேறெந்த அணிக்கும் இல்லை. அதே நாள் ஆட்டத்தில்தான் பிட்சர் கோடாய் செங்கா முதல் பேஸை (ஓடுபவர் தொட வேண்டிய நான்கு முனைகளில் முதலாவது) நோக்கி ஓடி, உயரமாக வந்த ஒரு வீச்சை எட்டிப் பிடிக்கும்போது தொடைத் தசையில் காயமடைந்தார். அதுவரை அவர் லீக்கின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர்களுள் ஒருவர். திரும்பி வந்த பிறகு பழைய செங்கா வரவேயில்லை, செப்டம்பரில் அவரை மைனர் லீக்குக்கு அனுப்பும் நிலை ஏற்பட்டது. அந்த ஜூன் நாளுக்குப் பிறகு மெட்ஸ் ஆடிய 93 ஆட்டங்களில் வென்றது 38 மட்டுமே. ஜூனில் தொடர்ந்து ஏழு தோல்வி, செப்டம்பரில் தொடர்ந்து எட்டுத் தோல்வி. எட்டாவது இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது) முடிவில் பின்தங்கியிருந்த ஆட்டம் ஒன்றில்கூட மெட்ஸ் அந்த ஆண்டு முழுவதும் மீண்டு வந்து வெல்லவில்லை. எட்டாவது இன்னிங்ஸ் முடிந்து பின்தங்கியிருந்தால் தொலைக்காட்சியை அணைத்துவிடலாம் என்ற நிலை, 2024-இல் அதே அணி காட்டிய கடைசி நேரப் போராட்டங்களைக் கண்ணாரக் கண்ட ஒருவருக்குத் தாங்க முடியாத மாற்றம். 2024-இல் 22 வெற்றி, 33 தோல்வி என்று கிடந்த அணி, செப்டம்பர் 30 அன்று அட்லாண்டாவில் ஒன்பதாவது இன்னிங்ஸில் பிரான்சிஸ்கோ லிண்டோர் அடித்த ஹோம் ரனால் (பந்தை எல்லைச் சுவருக்கு வெளியே அனுப்பும் அடி) பிளேஆஃபுக்குள் நுழைந்தது.

இப்போது ஸோட்டோவின் கணக்குக்கு வருவோம். ஏப்ரலிலும் மே மாதத்திலும் அவர் தடுமாறினார் என்பது உண்மை. பந்தை அடித்துவிட்டு முழு வேகத்தில் ஓடவில்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஜூன் மாதம் நேஷனல் லீக்கின் சிறந்த வீரர் என்ற விருதை அவரே பெற்றார். பருவம் முடிந்தபோது 43 ஹோம் ரன், அவர் மட்டையால் வந்த 105 ரன்கள், 127 'வாக்' (நான்கு தவறான வீச்சுகளுக்காகக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்). எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைத்தது 38 பேஸ் திருட்டுகள், அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவர் 12-ஐத் தாண்டியதில்லை. ஓட மாட்டார் என்று சொல்லப்பட்ட மனிதர் ஓடியே பதில் சொன்னார். சிறந்த வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் மூன்றாமிடம் பெற்றார். லிண்டோர் 31 ஹோம் ரன்களும் 31 பேஸ் திருட்டுகளும் எடுத்தார். பீட் அலோன்ஸோ 38 ஹோம் ரன் அடித்து, ஆகஸ்டில் டாரில் ஸ்ட்ராபெரியைத் தாண்டி மெட்ஸ் வரலாற்றிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவரானார். மூன்று நட்சத்திரங்களும் தங்கள் வேலையைச் செய்தார்கள். கடைசி நாள் ஆட்டத்திலும், மூன்று பேஸ்களிலும் ஆட்கள் நிற்க, அலோன்ஸோ மணிக்கு 110 மைலுக்கும் அதிக வேகத்தில் அடித்த பந்து நேராகப் போய் எதிரணி வீரரின் கையுறைக்குள் விழுந்தது. அதில் அவர் செய்த பிழை என்ன என்று யாராவது காட்டட்டும்.

உடைந்தது பந்துவீச்சு. அந்த ஆண்டு மெட்ஸ் 40-க்கும் மேற்பட்ட பிட்சர்களைக் களமிறக்கியது. அந்த எண்ணிக்கையே முழுக் கதையையும் சொல்லிவிடும். குளிர்காலத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு 3.4 கோடி டாலருக்கு எடுத்த ஃபிராங்கி மோன்டாஸும் மூன்று ஆண்டுகளுக்கு 7.5 கோடி டாலருக்குத் தக்கவைத்த ஷான் மனாயாவும் பருவம் தொடங்கும் முன்பே காயப்பட்டார்கள். திரும்பி வந்தபோது அடி வாங்கினார்கள். மலிவாக எடுத்து நன்றாக வீசிக்கொண்டிருந்த கிரிஃபின் கானிங்கின் குதிகால் தசைநாண் ஜூன் இறுதியில் கிழிந்தது. செப்டம்பரில் பிளேஆஃப் நம்பிக்கையைச் சுமந்தவர்கள் ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரத்துக்குள் அறிமுகமான நோலன் மெக்லீன், ஜோனா டோங், பிராண்டன் ஸ்ப்ரோட் ஆகிய மூன்று புதுமுகங்கள். மெக்லீன் எட்டு ஆட்டங்களைத் தொடங்கி ஐந்தை வென்றார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன்களின் சராசரி 2.06. மொத்தச் சம்பளச் செலவு 30 கோடி டாலரைத் தாண்டிய அணியைக் கரைக்குக் கொண்டுவரப் பார்த்தவர்கள் குறைந்தபட்சச் சம்பளக்காரர்கள். ஸோட்டோவின் ஆண்டுச் சராசரி 5.1 கோடி டாலர். அந்த ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளம் 7.6 லட்சம் டாலர். 67 மடங்கு வேறுபாடு. இதைக் கேட்டதும் நம் கோபம் ஸோட்டோ மீது திரும்புகிறது. ஏன் மெக்லீனுக்கு இவ்வளவு குறைவு என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

இந்தக் கேள்வி எனக்கு முதன்முதலில் தெளிவாகப் புரிந்தது மெட்ஸால் அல்ல, 2011 செப்டம்பர் 28 இரவால். தேதிப் பொருத்தத்தைக் கவனியுங்கள்: சரியாக 14 ஆண்டுகளுக்கு முன். அந்த மாதத் தொடக்கத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், டாம்பா பே ரேஸைவிட ஒன்பது ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. ரெட் சாக்ஸின் சம்பளச் செலவில் ஏறத்தாழ கால் பங்குதான் ரேஸுக்கு. ரேஸ் அணியில் ஒன்பது பருவங்கள் ஆடி அந்த அணியின் முகமாக இருந்த கார்ல் கிராஃபர்டை முந்தைய குளிர்காலத்தில் ஏழு ஆண்டுகளுக்கு 14.2 கோடி டாலர் கொடுத்து பாஸ்டன் கொண்டுபோயிருந்தது. செப்டம்பரில் பாஸ்டன் ஏழே ஆட்டங்களில் வென்று 20-இல் தோற்றது. கடைசி நாளில் இரண்டு அணிகளும் சமம்.

பால்டிமோரில் ஒன்பதாவது இன்னிங்ஸ். பாஸ்டன் 3-2 என்று முன்னிலை, இரண்டு பேர் அவுட் (மூன்றாவது அவுட்டோடு ஆட்டம் முடியும்), பேஸில் யாருமில்லை, பந்து பாஸ்டன் பிட்சர் ஜோனதன் பாப்பல்பான் கையில். அடுத்தடுத்து இரண்டு 'டபுள்' (இரண்டாம் பேஸ் வரை ஓட வைக்கும் அடி) வந்து ஸ்கோர் சமமானது. பிறகு பால்டிமோரின் ராபர்ட் ஆண்டினோ இடது பக்கம் தாழ்வாக அடித்த பந்தைக் கிராஃபர்ட் சறுக்கி வந்து பிடிக்க முயன்றார், கையுறையில் பட்டுக் கீழே விழுந்தது, பால்டிமோர் வெல்ல ஆட்டம் முடிந்தது. மூன்று நிமிடம்தான் கழிந்திருக்கும். டாம்பா பேயில், யாங்கீஸிடம் எட்டாவது இன்னிங்ஸ் வரை 7-0 என்று பின்தங்கியிருந்து மீண்டு வந்த ரேஸுக்காக எவன் லொங்கோரியா 12-ஆவது இன்னிங்ஸில் இடது மூலையின் தாழ்ந்த சுவருக்கு மேல் ஒரு ஹோம் ரன் அடித்தார். ரேஸ் உள்ளே, ரெட் சாக்ஸ் வெளியே. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட், இரண்டு ஸ்டிரைக், இன்னொரு ஸ்டிரைக் விழுந்தால் தோல்வி என்ற நிலையில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தவர் டேன் ஜான்சன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பருவத்தில் அவருடைய மட்டைச் சராசரி பத்து முயற்சிக்கு ஒரு வெற்றிகரமான அடி என்பதைச் சற்றே தாண்டியிருந்தது. பேஸ்பாலை நேசிப்பவர்களுக்கு அந்த இரவு ஒரு பண்டிகை.

மறுநாள் செய்திகள் கிராஃபர்டின் கையுறையையும் 14.2 கோடியையும் ஒன்றாகச் சேர்த்து எழுதின. லொங்கோரியா 2008-இல் மேஜர் லீக்குக்கு வந்த ஒரு வாரத்துக்குள் ஆறு ஆண்டுகளுக்கு 1.75 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டிருந்தார். கிராஃபர்டின் ஒரே ஆண்டுச் சம்பளத்தை ஒட்டிய தொகை அது. கிராஃபர்ட் அந்த ஆண்டு மோசமாக ஆடினார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரெட் சாக்ஸ் விழுந்தது அதனால் அல்ல. அந்தச் செப்டம்பரில் அவர்களுடைய தொடக்கப் பிட்சர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஏழு ரன்களுக்கு மேல் கொடுத்தார்கள். மட்டையாளர்களுள் ஜாக்கோபி எல்ஸ்பரி அந்த ஆண்டின் சிறந்த வீரர் வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பெற்றவர். மீண்டும் அதே கதைதான்: பெயர் பெற்றவர்கள் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் ஆளில்லை.

கிராஃபர்டுக்கும் லொங்கோரியாவுக்கும் இருந்த சம்பள வேறுபாடு திறமை வேறுபாடு அல்ல. ஒருவர் ஆறு ஆண்டுப் பணிக்காலத்தை முடித்திருந்தார், மற்றவர் முடிக்கவில்லை, அவ்வளவுதான். மேஜர் லீக்கில் ஒரு வீரர் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆடுகிறார். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு சம்பளத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவரின் தீர்ப்பு மூலம் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். ஆறு ஆண்டு முடிந்த பிறகுதான் தனக்குப் பிடித்த அணியோடு சுதந்திரமாகப் பேச முடியும். அதுவும் தானாகக் கிடைத்த உரிமை அல்ல. ஓர் அணி தன் வீரரைக் காலம் முழுக்கக் கட்டிவைத்திருக்கலாம் என்ற நிலை 1975 வரை நீடித்தது. 1969-இல் தன்னைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றியதை எதிர்த்து நீதிமன்றம் சென்ற கர்ட் ஃபிளட் 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அதற்கு முன்பே, 1971-இல், அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்துபோயிருந்தது. மார்வின் மில்லர் வழிநடத்திய வீரர்கள் சங்கம் விடாமல் போராடி, 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸின் தீர்ப்பைப் பெற்ற பிறகே இன்றைய சந்தை பிறந்தது. ஸோட்டோவின் 76.5 கோடிக்குப் பின்னால் ஃபிளட் இழந்த ஆண்டுகள் இருக்கின்றன. அதனால்தான் அந்தத் தொகையைப் பேராசை என்று யாராவது சொல்லும்போது எனக்கு வலிக்கிறது.

இன்னொரு கோடியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருக்கிறது. 2025-இல் அந்த அணியின் பால் ஸ்கீன்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.97 என்ற சராசரியோடு நேஷனல் லீக்கின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை ஒருமனதாக வென்றார். ஊக்கத்தொகைகளைச் சேர்க்காமல் பார்த்தால் அவருடைய அந்த ஆண்டுச் சம்பளம் 8.75 லட்சம் டாலர். அவ்வளவு அற்புதமாக வீசியும் அவருடைய தனிக் கணக்கு 10 வெற்றி, 10 தோல்வி; அணி 91 ஆட்டங்களில் தோற்றது. 2015-க்குப் பிறகு பைரேட்ஸ் பிளேஆஃபைப் பார்த்ததில்லை. ஸ்கீன்ஸைச் சுற்றி ஓர் அணியைக் கட்டாத உரிமையாளரிடம், ஸ்கீன்ஸின் சம்பளத்தில் மிச்சமான பணம் எங்கே போகிறது என்று பிட்ஸ்பர்க் ரசிகர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆண்டுக்கு ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் வருமானம் ஈட்டும் இந்த விளையாட்டில், வீரருக்குப் போகாத ஒவ்வொரு டாலரும் உரிமையாளருக்குத்தான் போகிறது. வீரரின் சம்பளம் குறைந்தால் டிக்கெட் விலை குறையும் என்பதை நான் நம்பவில்லை. கூட்டம் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறதோ அதுதான் டிக்கெட் விலை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பணத்தைக் கொட்டி 2024-இலும் 2025-இலும் பட்டம் வென்றதே, பணம்தானே முடிவு செய்கிறது என்பார்கள். ஷோஹெய் ஒதானியின் 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 68 கோடியை 2034 முதல் தரலாம் என்று தள்ளிவைத்த ஏற்பாடு பலரைக் கோபப்படுத்தியது, எனக்கும் அது உவப்பாக இல்லை. ஆயினும் 2025-இல் அதிக வெற்றி பெற்ற அணி டாட்ஜர்ஸ் அல்ல, சிக்கனத்துக்குப் பெயர் போன மில்வாக்கி புரூவர்ஸ், 97 வெற்றி. அக்டோபரில் அவர்களை டாட்ஜர்ஸ் நான்கு ஆட்டங்களில் துடைத்தெடுத்தது உண்மை. அந்த நான்காவது ஆட்டத்தில் ஒதானி மூன்று ஹோம் ரன் அடித்து, ஆறு இன்னிங்ஸ் பந்துவீசிப் பத்துப் பேரை ஸ்டிரைக் அவுட் செய்ததைக் கண்ட எவரும் அவருக்கு இந்தச் சம்பளம் அதிகம் என்று சொல்ல முடியாது. டொரான்டோவுக்கு எதிராக, பட்டத்தைத் தீர்மானித்த உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைப் பாருங்கள். 32.5 கோடி டாலர் ஒப்பந்தக்காரரான யோஷினோபு யமமோட்டோ முந்தைய நாள் ஆட்டத்தைத் தொடங்கி வென்றவர். ஓய்வே இல்லாமல் மறுநாளும் வந்து முடித்துக் கொடுத்தார். ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸில் தோல்வியின் விளிம்பிலிருந்து அணியை இழுத்து வந்த ஹோம் ரன் மிகேல் ரோஹாஸுடையது. அவர் வயது 36, தொடரில் பல ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருந்த மாற்று வீரர். டாட்ஜர்ஸின் பணம் ஒதானியை மட்டும் வாங்கவில்லை, ரோஹாஸ் போன்றவர்களையும் வைத்திருக்க உதவுகிறது. மெட்ஸும் ஏறத்தாழ அவ்வளவு செலவழித்தது. எங்களிடம் இருந்தது முதல் பாதிதான்.

ஐபிஎல் போட்டிகளில் ஒவ்வோர் அணிக்கும் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பு உண்டு. மேஜர் லீக் பேஸ்பாலில் அது கிடையாது. 2025-இல் 24.1 கோடி டாலரைத் தாண்டும் அணி வரி கட்ட வேண்டும், 30.1 கோடியையும் தாண்டி, அதுவும் தொடர்ந்து தாண்டிவரும் அணி, மேற்கொண்டு செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி கட்ட வேண்டும். மெட்ஸ் உரிமையாளர் ஸ்டீவ் கோஹென் இதைக் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார். வீரர்களுடனான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. உரிமையாளர்கள் தரப்பில் உச்சவரம்புப் பேச்சு மீண்டும் பலமாகக் கேட்கிறது. 1994-இல் இதே உச்சவரம்புக்காக நடந்த மோதலில் ஆகஸ்டு 12 அன்று ஆட்டம் நின்றது, உலகத் தொடரே ரத்தானது. அப்போது மான்ட்ரியல் எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி என்று மொத்த லீக்கிலும் முதலிடத்தில் இருந்தது. அந்த ரசிகர்களுக்கு ஒரு செப்டம்பரே கிடைக்கவில்லை. பிறகு அந்த நகரத்தை விட்டு அணியும் போய்விட்டது. கடைசி நாளில் தோற்பதைவிடக் கொடியது கடைசி நாளே வராமல் போவது என்று நான் நினைக்கிறேன். இதைச் சொல்பவன் கடைசி நாள் தோல்வியை நன்றாக அறிந்தவன்: 2007-இல் 17 ஆட்டங்கள் மீதமிருக்க ஏழு ஆட்ட முன்னிலையை மெட்ஸ் தொலைத்தது, கடைசி நாளில் தோற்றது மார்லின்ஸிடம், 2008-இல் எங்கள் பழைய ஷே மைதானத்தின் இறுதி ஆட்டத்தில் தோற்று வெளியேறியதும் அதே மார்லின்ஸிடம்.

உச்சவரம்புக்கு நான் எதிரி. அதற்குப் பதிலாக ஒவ்வோர் அணியும் குறைந்தது இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்ற அடிவரம்பு வரட்டும். ஆறு ஆண்டுக் காத்திருப்பை நான்காகவோ ஐந்தாகவோ குறைக்கட்டும். குறைந்தபட்சச் சம்பளம் இரட்டிப்பாகட்டும். ஸ்கீன்ஸும் மெக்லீனும் நன்றாக வீசும் ஆண்டிலேயே அதற்குரிய பணத்தைப் பெற்றால், முப்பது வயதைத் தாண்டியவருக்குக் கடந்த காலத்துக்கான கூலியை எதிர்காலத்தின் பெயரில் கொடுக்கும் இன்றைய நிலையும் மெல்ல மாறும்.

மயாமி தோல்விக்குப் பிறகு கோஹென் ரசிகர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். குளிர்காலத்தில் அலோன்ஸோ ஐந்து ஆண்டுகளுக்கு 15.5 கோடி டாலருக்கு பால்டிமோருக்கும், ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் பிட்சர் எட்வின் டியாஸ் மூன்று ஆண்டுகளுக்கு 6.9 கோடி டாலருக்கு டாட்ஜர்ஸுக்கும் போனார்கள். அலோன்ஸோவை விட்டது தவறு என்று நான் இன்னும் நினைக்கிறேன். 38 ஹோம் ரன் அடித்து, 162 ஆட்டங்களிலும் களமிறங்கிய ஒருவரை அனுப்பியதால் மிச்சமாகும் பணம் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது பிட்சர்களுக்குச் செலவானால் அதற்கு ஒரு பொருள் உண்டு. ஜூன் மாதத்தில் முதல் பிட்சர் காயப்படும் நாளில், அவருக்குப் பதிலாக யார் வீச வருகிறார் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.